ஒரே பிளக், மூன்று வரிசை: ஹாம் ரேடியோவின் ஹெட்செட் சிக்கல்

சிறு விமானம் ஓட்டுகிறவர் தன் சொந்த ஹெட்செட்டைக் கையோடு எடுத்துச் செல்லலாம். அதன் முனையில் இரண்டு பிளக்குகள் இருக்கும். கேட்பதற்கானது கால் அங்குலப் பருமன்; பேசுவதற்கானது அதைவிடச் சற்று மெலிந்து 0.206 அங்குலம். விமானம் செஸ்னாவாக இருந்தாலும் பைப்பராக இருந்தாலும் அந்த இரண்டையும் செருகினால் பேசலாம், கேட்கலாம். ஹெலிகாப்டருக்கு வேறு பிளக் என்றாலும், அதுவும் எல்லோரும் அறிந்த ஒரே வகைதான். இனி ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியின் பக்கம் வருவோம். ஐகாம், கென்வுட், யேசு ஆகிய மூன்று ஜப்பானிய நிறுவனங்களின் பெயர்கள் எந்த ஹாமுக்கும் பழக்கமானவை. இவர்களின் மேசை வானொலிகள் பலவற்றின் முகப்பில் எட்டு முள் கொண்ட வட்டமான மைக் சாக்கெட் இருக்கும். பார்வைக்கு மூன்றும் ஒன்றே. ஒரு நிறுவனத்தின் மைக் பிளக் இன்னொரு நிறுவனத்தின் வானொலியில் கச்சிதமாக உட்காரும். வளையத்தைத் திருகினால் இறுகவும் செய்யும். ஆனால் பேச்சு போகாது, ஏனென்றால் உள்ளே முட்களின் வரிசை மூன்றிலும் வேறு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் அடாப்டர்கள் வந்தன. பலர் அவற்றை வேறு வழியில்லாமல் செய்யும் ஒட்டுவேலையாகப் பார்க்கிறார்கள். என் கருத்து வேறு. தயாரிப்பாளர்கள் தரத் தவறிய பொதுத்தரத்தைப் பயன்படுத்துகிறவர்களே உண்டாக்கிக்கொள்ளக் கிடைத்த இடம் அந்தச் சிறிய அடாப்டர்.

ஹாம்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடலாம். அரசு விதித்த தேர்வில் தேறி உரிமம் பெற்று, வணிக நோக்கமின்றி, தங்களுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் ஒலிபரப்பவும் கேட்கவும் செய்கிறவர்கள். இந்தியாவில் இவர்களின் அழைப்புக்குறி பெரும்பாலும் வியு2 அல்லது வியு3 என்று தொடங்கும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு ஒன்று அந்தமானிலிருந்து ஒலிபரப்பச் சென்றிருந்தது. 26ஆம் தேதி சுனாமி தாக்கித் தொடர்புகள் அறுந்தபோது, பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்த நிலையம் தகவல்களைக் கடத்தும் அவசர நிலையமாக மாறியது. அப்படிப்பட்ட வேளையில் ஹாமுக்கு ஒரு கை எழுத வேண்டும், ஒரு கை வானொலியைத் திருக வேண்டும். மைக்கைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஹெட்செட்டின் முதல் பயன் இதுதான். இரண்டாவது பயன் ஒலியைச் சார்ந்தது. தொலைதூரப் பேச்சுக்கு ஹாம்கள் கையாளும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் ஏறத்தாழ 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் போய்ச் சேரும். அந்தக் குறுகிய சந்தில் ‘த’வையும் ‘ப’வையும் பிரித்துக் கேட்க வேண்டுமானால் மைக் வாயிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கையில் பிடித்த மைக் நகர்ந்துகொண்டே இருக்கும். ஹெட்செட் மைக் தலையோடு சேர்ந்து திரும்பும். தவிர, காதை மூடிய ஹெட்செட் சுற்றுச் சத்தத்தைத் தடுத்து மெலிந்த குரலையும் கேட்கச் செய்யும். 48 மணி நேரம் நீளும் உலகளாவிய ஹாம் போட்டிகளில் ஹெட்செட் இல்லாத நிலையத்தைக் காண்பது அரிது.

தேவை இப்படித் தெளிவாக இருக்க, குறுக்கே நிற்பது அந்த எட்டு முட்கள்தான். ஐகாமிலும் கென்வுட்டிலும் மைக்கின் ஒலி 1ஆம் முள்ளில் வருகிறது. யேசுவில் 8ஆம் முள்ளில். பேசத் தொடங்கும்போது அழுத்தும் பொத்தானை ஹாம்கள் பிடிடி என்பார்கள். அதன் கம்பி ஐகாமில் 5ஆம் முள், கென்வுட்டில் 2ஆம் முள், யேசுவில் 6ஆம் முள். மைக்குக்கு மின்சாரம் தரும் முள் ஐகாமில் இரண்டாவது, அதில் 8 வோல்ட். கென்வுட்டில் ஐந்தாவது, அதிலும் 8 வோல்ட். யேசுவில் இரண்டாவது, ஆனால் 5 வோல்ட். கென்வுட் மைக் ஒன்றை ஐகாமில் செருகி பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று இந்தக் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம். மைக் தன் பிடிடி கம்பி என்று நம்பித் தொடுவது ஐகாமின் 8 வோல்ட்டை. அந்த மின்னழுத்தம் தனக்குச் சம்பந்தமில்லாத முள்ளுக்குத் திருப்பிவிடப்படும். உள்ளே பாதுகாப்புக்கு மின்தடை இருந்தால் ஒன்றும் ஆகாமல் தப்பலாம்; இல்லாவிட்டால் செலவு. காரில் பொருத்தும் வானொலிகளிலும் சிறிய அளவு வானொலிகளிலும் இந்த வட்ட சாக்கெட்டுக்குப் பதில் கணினி வலையமைப்புக்குப் பயன்படும் ஆர்ஜே-45 சாக்கெட் வந்தது. முள் வரிசை அங்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. கூடவே ஒரு புது ஆபத்தும் சேர்ந்தது. இணையக் கம்பியிலேயே மின்சாரமும் அனுப்பும் கருவிகளில், எதிர்முனையில் இருப்பது என்னவென்று பார்க்காமலே 24 அல்லது 48 வோல்ட் செலுத்தும் ரகம் உண்டு. அந்தக் கம்பியைத் தவறிப்போய் மைக் சாக்கெட்டில் செருகினால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

முட்களை இடம் மாற்றி ஒயரைச் சால்டர் வைத்தால் போதும் என்று இங்கே தோன்றக்கூடும். போதாது. மைக்குகளிலேயே இரண்டு பெரிய சாதிகள் இருக்கின்றன. டைனமிக் மைக்கில் காந்தத்தின் நடுவே ஒரு சிறு கம்பிச்சுருள் குரலுக்கேற்ப அசைந்து, தானே சில மில்லிவோல்ட் மின்சாரத்தை உண்டாக்கும். வெளியிலிருந்து அதற்கு எதுவும் தர வேண்டாம். இன்னொன்று எலெக்ட்ரெட் மைக். 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கியது. இன்று கணினி ஹெட்செட், கைப்பேசி இயர்போன் என மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் இருப்பது இதுதான். இதன் உள்ளே ஒரு குட்டி டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருப்பதால், ஒலி வரும் அதே கம்பி வழியே சில வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்தால்தான் உயிர் பெறும். ஐகாமின் பல மாடல்களில் மைக் முள்ளிலேயே அந்த மின்சாரம் வருகிறது. அவை எலெக்ட்ரெட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. கென்வுட்டும் யேசுவும் பெரும்பாலும் டைனமிக் மைக்கை எதிர்பார்க்கின்றன. மைக் முள்ளில் மின்சாரம் இருக்காது. ஆகவே யேசுவில் எலெக்ட்ரெட் ஹெட்செட்டை மாட்ட, 5 வோல்ட் முள்ளிலிருந்து 2.2 கிலோ ஓம் போன்ற ஒரு மின்தடை வழியாக மைக்குக்கு மின்சாரம் தர வேண்டும். அது வானொலிக்குள் புகாதபடி ஒலியை மட்டும் விடும் மின்தேக்கி ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். ஐகாமில் டைனமிக் மைக்கை மாட்டும்போது வேலை தலைகீழ்: வானொலியிலிருந்து வரும் மின்சாரம் சுருளுக்குப் போகாமல் மின்தேக்கி தடுக்க வேண்டும்.

அந்த மின்தேக்கியின் அளவையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்க முடியாது. மைக் உள்ளீட்டின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 600 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோஃபாரட் மின்தேக்கி போட்டால் ஏறத்தாழ 265 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி தேயும். அது எப்படியும் ஒலிபரப்பில் போகாத பகுதி என்பதால் நட்டமில்லை. சிறியதாக இருக்கட்டுமே என்று 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் தேய்மானம் 2,650 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும். பேச்சு முழுவதும் மெலிந்து, தகரத்தில் தட்டியது போல ஒலிக்கும். ‘இந்த ஹெட்செட் சரியில்லை’ என்று கைவிடப்படும் பலவற்றில் குற்றம் ஹெட்செட்டுடையதாக இல்லாமல், சில ரூபாய் மதிப்புள்ள இப்படியொரு உதிரியுடையதாக இருக்கலாம். அடாப்டர் வெறும் கம்பி மாற்றி அல்ல, ஒரு சின்னஞ்சிறு மின்சுற்று என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது.

ஹெட்செட்டின் பக்கமும் ஒழுங்கு நிலவுகிறது என்று சொல்லிவிட முடியாது. கைப்பேசி ஹெட்செட்டின் 3.5 மி.மீ. பிளக்கில் நான்கு பட்டைகள் உண்டு. முனையும் அடுத்ததும் இடது, வலது காதுகளுக்கு. மீதி இரண்டில் எது மைக், எது தரை என்பதில் சிடிஐஏ, ஓஎம்டிபி என்று இரண்டு மரபுகள் இருக்கின்றன. முதலாவதில் மைக் கடைசிப் பட்டை. இரண்டாவதில் கடைசிக்கு முந்தையது. இப்போது பரவலாக இருப்பது முதலாவது என்றாலும் பழைய ஹெட்செட்டுகளில் இரண்டாவது எதிர்ப்படும். கணினி ஹெட்செட்டில் மைக்குக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என இரு பிளக்குகள் வரும். விமான ஹெட்செட்டின் மைக் 8 முதல் 16 வோல்ட் வரை கேட்கும். பதிலுக்கு அது தரும் ஒலி ஹாம் வானொலியின் மைக் உள்ளீட்டுக்கு மிகையானது, அடக்கித்தான் கொடுக்க வேண்டும். கேட்கும் பக்கத்தில் வம்பு குறைவு, ஆனால் அறவே இல்லாமல் இல்லை. ஒற்றை ஒலி சாக்கெட்டில் ஸ்டீரியோ பிளக்கைச் செருகினால் ஒரு காதில் மட்டும் கேட்கும். ஒலிபெருக்கிக்கான வெளியீட்டில் ஹெட்செட்டை நேராக மாட்டினால் காது வலிக்கும் அளவுக்குச் சத்தம் வரலாம். கைக்கடக்கமான வானொலிகளில் 3.5, 2.5 மி.மீ. என இரட்டைப் பிளக் கொண்ட கென்வுட் வகை, சீனத்து பாஃபெங் போன்றவற்றின் வழியே உலகெங்கும் பரவிவிட்டது. ஐகாமின் கையடக்க வானொலிகள் பலவற்றிலோ பிடிடிக்குத் தனிக் கம்பியே கிடையாது. மைக் கம்பியில் ஒரு மின்தடை வழியாக மின்சாரம் ஓடத் தொடங்குவதைப் பார்த்தே வானொலி ஒலிபரப்புக்கு மாறுகிறது.

இத்தனை வேற்றுமைக்கும் ஒவ்வொன்றாகத் தீர்வு தேடினால் மேசை முழுக்கக் கம்பிகள்தான் மிஞ்சும். ஒரு ஹாம் சங்கத்தில் ஐந்து வகை வானொலிகளும் நான்கு வகை ஹெட்செட்டுகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இணைக்கும் தனி அடாப்டர் என்றால் 20 வேண்டும். அடாப்டரை வானொலிப் பாதி, ஹெட்செட் பாதி என இரண்டாகப் பிரித்து, அவை சந்திக்கும் இடத்தை மாறாத ஒன்றாக வைத்தால் 5 பாதிகளும் 4 பாதிகளுமாக 9 போதும். புதிதாக ஒரு வானொலி வந்தால் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஒரு பாதி. இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. அமெரிக்காவின் ஹெயில் சவுண்ட் நிறுவனம் தன் ஹெட்செட்டுகளை இந்த வழியில்தான் விற்றுவந்தது. நிறுவனர் பாப் ஹெயில் 1970களின் ராக் இசைக்குழுக்களுக்கு ஒலியமைப்பு செய்து பெயர் பெற்றவர். தானும் ஒரு ஹாம். 2024இல் காலமானார். அவருடைய ஏடி-1 வரிசை அடாப்டர்களின் ஒரு முனையில் ஐகாமுக்கு ஒன்று, யேசுவுக்கு ஒன்று எனப் பிளக் மாறும். மறுமுனையில் எப்போதும் மைக்குக்கு 3.5 மி.மீ. சாக்கெட், காலால் அழுத்தும் பிடிடி சுவிட்சுக்குக் கால் அங்குல சாக்கெட். வானொலியை மாற்றினாலும் ஹெட்செட்டும் கால் சுவிட்சும் அப்படியே இருக்கும்.

சந்திக்கும் இடத்தில் எதை விதியாக வைப்பது என்பதுதான் முடிவெடுக்க வேண்டிய கேள்வி. எலெக்ட்ரெட்டை அடிப்படையாகக் கொள்வதே சரி என்று நினைக்கிறேன். நடு சாக்கெட்டின் மைக் கம்பியில் எப்போதும் சில வோல்ட் மின்சாரம் இருக்கும். அதைத் தருவது வானொலிப் பாதியின் பொறுப்பு. ஐகாமில் அது தானாகவே கிடைக்கிறது. யேசுவிலும் கென்வுட்டிலும் ஒரு மின்தடையும் மின்தேக்கியும் சேர்த்தால் கிடைத்துவிடும். டைனமிக் ஹெட்செட் வைத்திருப்பவர் தன் பாதியில் ஒரு மின்தேக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் எலெக்ட்ரெட் என்பதால், பெரும்பாலோருக்குக் குறைந்த வேலை என்ற நியாயம் இதில் இருக்கிறது. பிடிடியை மைக்கோடு கலக்காமல் தனி சாக்கெட்டாக வைக்க வேண்டும். பெரும்பாலான வானொலிகளில் அது ஒரு கம்பியைத் தரையோடு தொடச் செய்யும் வேலைதான். கை சுவிட்ச், கால் சுவிட்ச், எது கிடைத்தாலும் போதும். குரல் கேட்டதும் தானே ஒலிபரப்புக்கு மாறும் வசதி பல வானொலிகளில் இருந்தாலும், இரைச்சல் மிகுந்த இடத்தில் அது இருமலுக்கும் மேசை தட்டலுக்கும்கூட ஒலிபரப்பத் தொடங்கிவிடும்.

நிறுவனங்கள் ஒத்துழைக்காமல் பயனாளர்களே ஒரு தரத்தை நிலைநாட்ட முடியுமா என்ற ஐயம் நியாயமானது. ஹாம் உலகத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. 12 வோல்ட் மின்இணைப்புக்கு ஒருகாலத்தில் ஆளுக்கொரு பிளக் வைத்திருந்தார்கள். அவசர உதவிக்குப் பல ஊர்களிலிருந்து வந்து கூடும்போது ஒருவரின் பேட்டரி மற்றவரின் வானொலிக்கு ஒட்டாது. அமெரிக்காவின் அவசரகால ஹாம் தன்னார்வலர்கள் ஆண்டர்சன் பவர்போல் என்ற இணைப்பியைப் பொதுவாக ஏற்று, சிவப்பும் கறுப்பும் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதையும் வரையறுத்தார்கள். வானொலி நிறுவனங்களின் அனுமதிக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. பெட்டியோடு வந்த கம்பியை வெட்டி, முனையில் பவர்போலை மாட்டிக்கொண்டார்கள். இன்று மின்வழங்கிகளும் பகிர்வுப் பலகைகளும் அந்த இணைப்பியோடே கடைக்கு வருகின்றன. ராணுவ வானொலிகளில் யு-229 வகை இணைப்பி நிலைத்ததற்குக் காரணம், அங்கே கட்டளையிட ஓர் அதிகார அமைப்பு இருந்தது. பவர்போலின் பின்னால் அப்படி ஆணையிட்ட அரசோ தயாரிப்பாளரோ இல்லை. பயனாளர்களின் உடன்பாடு மட்டும் போதுமானதாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

நிறுவனமே விற்கும் ஹெட்செட்டை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஒரே வானொலியோடு காலம் தள்ளப்போகிறவருக்கு அது நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒன்று, காரில் ஒன்று, கையில் ஒன்று என வைத்திருப்பவர்கள் பலர். வானொலி மாறும்போதெல்லாம் ஹெட்செட்டும் மாற வேண்டும் என்றால், தலைக்கும் காதுக்கும் பழகிப்போன ஒரு பொருளைக் காரணமின்றித் தூக்கி எறிகிறோம். ப்ளூடூத் வந்த பிறகு கம்பிக் கதை எதற்கு என்பது இன்னொரு கேள்வி. 2020இல் வந்த ஐகாமின் ஐசி-705 போன்றவற்றில் ப்ளூடூத் உள்ளேயே இருப்பது உண்மை. ஆனால் ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்தே காதுக்கு வரும். பேச்சில் பெரிதாகத் தெரியாத அந்தத் தாமதம், மோர்ஸ் தட்டும்போது விரல் ஒன்று செய்யக் காது வேறொன்றைக் கேட்பதாக முடியும். நீண்ட அவசரப் பணியில் ஹெட்செட்டுக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டிய கவலை வேறு. எல்லாவற்றையும்விட, பத்து இருபது ஆண்டுகளுக்கு முந்தைய வானொலிகள் இன்னும் நன்றாக ஓடுகின்றன. அவற்றில் ப்ளூடூத் சேர்க்கும் பெட்டியை வாங்கினாலும், அந்தப் பெட்டியின் கம்பி கடைசியில் போய் நிற்பது அதே எட்டு முட்களின் முன்புதான்.

பொறியாளர்கள் எழுப்பும் மறுப்பு இதைவிடக் கனமானது. ஒவ்வொரு கூடுதல் இணைப்பும் பழுதுக்கு ஒரு வாசல். ஒலிபரப்பியின் அருகே தொங்கும் மைக் கம்பி ஆன்டெனாவாக நடந்துகொண்டு, வானொலி அனுப்பும் அலையையே திரும்ப மைக்குக்குள் இழுத்துவரும். பேச்சு கரகரத்துச் சிதையும். இது மெய்யான சிக்கல். ஆனால் காரணமும் தீர்வும் தெரிந்த சிக்கல். கம்பியைச் சுற்றியுள்ள காப்புவலையைக் கருவியின் உலோகக் கூட்டோடு இணைக்காமல் உள்ளே மின்சுற்றின் தரையில் கொண்டுபோய் இணைத்தால், வலை பிடித்த இரைச்சல் முழுவதும் மின்சுற்றுக்குள் பாயும். நீல் மன்சி என்ற ஒலிப் பொறியாளர் 1990களின் நடுவில் தன் துறையினருக்கு விளக்கிக் காட்டிய தவறு இது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் அவசரமாகக் கட்டிய அடாப்டரில் இது எளிதில் நேரும். உலோகப் பெட்டி, கூட்டோடு சேர்த்த காப்புவலை, மைக்கின் தரையையும் பிடிடியின் தரையையும் தனித்தனியே கொண்டுபோவது, கம்பியைச் சிலமுறை சுற்றிய ஒரு ஃபெரைட் வளையம் ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பாலான கரகரப்பு அடங்கும். நூறு ஹாம்கள் தனித்தனியே நூறு விதமாகக் கட்டும்போதுதான் இந்தத் தவறுகள் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. சோதித்துப் பார்த்த ஒரே வடிவத்தை எல்லோரும் கட்டினால் தவறு ஒருமுறை கண்டுபிடிக்கப்பட்டு ஒருமுறை திருத்தப்படும். ஆகவே இந்த மறுப்பு பொதுத்தரத்துக்கு வலுச் சேர்க்கவே செய்கிறது.

விலை உயர்ந்த வானொலி சேதமாகிவிடுமோ என்ற அச்சத்துக்கும் மதிப்பளிக்க வேண்டும். மல்டிமீட்டர் உள்ள யாரும் அதைத் தணித்துக்கொள்ளலாம். எந்த முள்ளில் எது என்பதற்கு வானொலியோடு வந்த கையேட்டின் படமே ஆதாரம். அந்தப் படம் சாக்கெட்டை முன்பக்கமிருந்து காட்டுகிறதா, பிளக்கின் சால்டர் பக்கமிருந்து காட்டுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். கண்ணாடி பிம்பம்போல் வரிசை புரண்டுவிடுவது இங்கேதான். பிறகு ஹெட்செட்டை மாட்டாமல் வானொலிப் பாதியை மட்டும் செருகி, நடு சாக்கெட்டில் எதிர்பார்த்த வோல்ட் வருகிறதா என்று அளந்து, முதல் ஒலிபரப்பை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும் மின்தடையில்) செய்து பார்த்தால் ஆபத்து அநேகமாக நீங்கிவிடும். அடாப்டர்களுக்குச் சொல்லப்படும் ‘எந்த ஹெட்செட்டும் பொருந்தும்’ என்பது போன்ற விளம்பர வாசகத்தின் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யுஎஸ்பி முனை கொண்ட ஹெட்செட் கணினியோடு எண்களில் பேசுவது. மின்தடையும் மின்தேக்கியும் வைத்து அதை வானொலியோடு பேச வைக்க முடியாது.

இந்தியாவில் ஹாம் உரிமத் தேர்வில் சட்டவிதிகளோடு வானொலிக் கோட்பாடும் ஒரு பாடம். மின்தடை, மின்தேக்கி, மின்மறுப்பு என்றால் என்ன என்று தெரிந்தவருக்கே உரிமம் தரப்படுகிறது. தயாராக வாங்கிய பெட்டியைத் திறக்காமலே ஆண்டுக்கணக்கில் ஒலிபரப்பிக்கொண்டிருக்க முடிகிற இன்று, அந்தப் படிப்பு கைக்கு வரும் வாய்ப்புகள் குறைந்துவிட்டன. ஒரு மாலைப்பொழுதில் கட்டி முடிக்கக்கூடிய அடாப்டர் அதற்கு ஏற்ற வேலை. சங்கம் ஒன்று முதலில் செய்ய வேண்டியது, தன் உறுப்பினர்களிடம் உள்ள வானொலிகளின் முள் வரிசையையும் நடு சாக்கெட்டின் விதியையும் ஒரே தாளில் எழுதி எல்லோருக்கும் தருவது. அடுத்து, ஒவ்வொரு வானொலிப் பாதியிலும் அது எந்த நிறுவனத்துக்கு, எந்த மாடலுக்கு உரியது என்று அழியாத எழுத்தில் ஒட்டுவது. இரண்டு சங்கங்கள் ஒரே தாளை ஏற்றுக்கொண்டாலே தரம் உருவாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். நிறுவனங்கள் ஒருநாள் தாமே அந்த சாக்கெட்டைப் பொருத்தி விற்கலாம், விற்காமலும் போகலாம். அடுத்த புயலுக்கோ வெள்ளத்துக்கோ வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒரே மேசையில் அமரும் ஹாம்களுக்கு அவர்களின் முடிவு தேவைப்படாது.